நிமிடத்துக்கு எவ்வளவு என்று கேட்டால்

கோவையில் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு வருடம் 2டி அனிமேட்டராக இருந்துவிட்டு இப்போது தனியாக வேலை எடுக்கத் தொடங்கியிருக்கும் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஒரு பொருளையோ சேவையையோ விளக்கும் ஒரு நிமிட எக்ஸ்ப்ளெய்னர் வீடியோவுக்குக் கிளையன்ட் 15,000 ரூபாய் என்கிறார், இது நியாயமா, நிமிடத்துக்கு என்ன ரேட் வைப்பது என்பது ஒன்று. நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஷாட்டைப் போட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள், உள்ளதைச் சொன்னால் முகம் வாடுகிறது, "சூப்பர்" என்று போட்டால் மனசு உறுத்துகிறது, என்ன செய்வது என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் நீங்கள் தேடுவது ஒரு தொகையைவிட, பேரம் பேசும்போது பிடித்து நிற்க ஒரு கணக்கு என்று நினைக்கிறேன். இரண்டாவதில் தேடுவது, எதை எப்போது சொல்லலாம் என்பதை. இரண்டையும் சேர்த்தே கேட்டது நல்லதாகப் போயிற்று. அனிமேஷனில் ஒரு மாற்றத்தின் விலை, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும். கொட்டேஷனும் இதன் மேல்தான் நிற்கிறது, சக அனிமேட்டருக்குச் சொல்லும் கருத்தும் இதன் மேல்தான் நிற்கிறது.

நான் சொல்வதெல்லாம் விளம்பரம், எக்ஸ்ப்ளெய்னர், பாடக் காணொளி மாதிரியான 2டி வேலைகளுக்குப் பொருந்தும். 3டி, கேம் பக்கம் கணக்கு வேறு. அதை அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

நிமிட ரேட் என்பது கிளையன்டுக்கு வசதியான அளவு. நமக்கு அது ஒன்றும் சொல்லாது. வினாடிக்கு 24 ஃப்ரேம் என்று வைத்தால் ஒரு நிமிடம் 1,440 ஃப்ரேம். கையால் வரைந்து எல்லாவற்றையும் டூஸில், அதாவது ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்து, ஓட்டினாலே 720 படம். அதே ஒரு நிமிடத்தை ரிக் செய்த, அதாவது பொம்மை போல மூட்டு மூட்டாக அசைக்கும்படி கட்டிய, ஒரு கேரக்டரை வைத்து ஓட்டலாம். ஐகானும் எழுத்தும் மட்டும் நகரும் மோஷன் கிராஃபிக்ஸாகவும் முடிக்கலாம். மூன்றும் "ஒரு நிமிடம்"தான். கேரக்டர் வாய் திறந்து பேசுகிறதா, பின்னால் குரல் மட்டும் ஓடுகிறதா, பேக்ரவுண்ட் இரண்டா பன்னிரண்டா, ஒரே ஷாட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் உழைப்பைத் தீர்மானிக்கும். அதனால் "நிமிடத்துக்கு எவ்வளவு?" என்று போனில் கேட்பவருக்கு உடனே ஒரு தொகையைச் சொல்லாதீர்கள். "ஸ்கிரிப்டும், உங்களுக்குப் பிடித்த ஒரு மாதிரி வீடியோவும் அனுப்புங்கள், நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். வாயிலிருந்து முதலில் விழுந்த தொகையிலிருந்து மேலே ஏறுவது ரொம்பக் கஷ்டம்.

உங்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியது நாள் ரேட். அதை எப்படிப் போடுவது என்று ஒரு உதாரணக் கணக்கு சொல்கிறேன். தொகைகளை உங்கள் வீட்டு நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மாதம் 26,000 வேண்டும். 1,20,000 ரூபாய் கம்ப்யூட்டர் நான்கு வருடம் உழைக்கும் என்றால் மாதம் 2,500. சாஃப்ட்வேர் சந்தா, இன்டர்நெட், கரண்ட் எல்லாம் சேர்த்து 5,500. மருத்துவக் காப்பீடு, வரி, சேமிப்பு என்று 8,000. மொத்தம் 42,000. இதை 30ஆல் வகுப்பதுதான் ஸ்டுடியோவிலிருந்து வருபவர்கள் வழக்கமாகச் செய்வது. ஸ்டுடியோவில் கிளையன்டோடு பேசுவது, கொட்டேஷன் போடுவது, பாக்கிக்கு அலைவது எல்லாம் வேறு யாரோ பார்த்தார்கள். இப்போது அந்த நாட்களும் உங்கள் நாட்கள்தான், அதற்கு யாரும் பணம் தர மாட்டார்கள். ஞாயிறு, காய்ச்சல், கரண்ட் கட், வேலையே வராத வாரம் எல்லாம் போக, பில் போடக்கூடிய நாட்கள் மாதத்துக்கு 14 கிடைத்தால் நல்ல மாதம். 42,000ஐ 14ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 3,000. இதற்குக் கீழே போனால் கைக்காசு போட்டு வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம். மேலே எவ்வளவு போகலாம் என்பது உங்கள் கைத்திறனையும் கிளையன்டின் அவசரத்தையும் பொறுத்தது.

இப்போது அந்த ஒரு நிமிடத்தை நாளாக மாற்றுங்கள். கேரக்டர் உள்ள சாதாரண எக்ஸ்ப்ளெய்னர் என்றால், ஸ்கிரிப்டைப் பேசி முடிக்க ஒரு நாள், ஸ்டோரிபோர்டு (ஷாட் ஷாட்டாக வரைந்த படக் குறிப்பு) இரண்டு, அனிமேட்டிக் (அந்தப் படங்களை நேரப்படி ஓட்டிப் பார்ப்பது) ஒன்று, கேரக்டரும் பேக்ரவுண்டும் வரைய நான்கு, ரிக் இரண்டு, அனிமேஷன் ஐந்து, காம்போசிட்டிங்கும் (எல்லா அடுக்குகளையும் ஒன்று சேர்ப்பது) சவுண்டும் ஒன்று, கரெக்ஷனுக்கு இரண்டு. மொத்தம் 18 நாள், 54,000. எதிர்பாராததற்கு 15 சதவீதம் சேர்த்தால் 62,000 பக்கம். வாய்ஸ் ஓவர் கலைஞர், இசை லைசென்ஸ் இரண்டும் தனி. ஆக, 15,000 என்பது உங்கள் நேரத்தில் ஐந்து நாள். ஐந்து நாளில் இந்தப் படம் முடியாது. ஆனால் ஐந்து நாளில் வேறொரு படம் முடியும்: முப்பது வினாடி, கேரக்டர் கிடையாது, ஐகானும் எழுத்தும் மட்டும், ஸ்கிரிப்டும் குரலும் அவர்களே தர வேண்டும், ஒரே ஒரு சுற்று கரெக்ஷன். கிளையன்டிடம் இதைத்தான் சொல்ல வேண்டும். "15,000க்கு முடியாது" என்று சொல்வதைவிட "15,000க்கு இது முடியும், நீங்கள் காட்டிய மாதிரிக்கு 62,000 ஆகும்" என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பேரத்தில் தொகையைக் குறைக்க வேண்டியிருந்தால் கூடவே ஏதாவது ஒரு வேலையையும் குறையுங்கள். வேலை அப்படியே இருக்கத் தொகை மட்டும் இறங்கினால், முதலில் சொன்னது வாய்க்கு வந்த தொகை என்று அவர் புரிந்துகொள்வார். அதில் தப்பும் இல்லை.

கோவை, சென்னை மார்க்கெட்டில் 15,000க்கு முழு கேரக்டர் வீடியோ செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், தெரியும். பாதிப் பேர் வாங்கிய டெம்ப்ளேட்டில் பெயரை மாற்றிக் கொடுக்கிறார்கள். அது ஒரு வேலை, அதற்கு அந்த விலை சரி. மீதிப் பேர் கொஞ்ச காலம் இரவெல்லாம் கண் விழித்துச் செய்துவிட்டு அப்புறம் சம்பள வேலைக்கே திரும்பிப் போகிறார்கள். இரண்டு பேரோடும் நீங்கள் போட்டி போட வேண்டியதில்லை. "இதைச் செய்து கொடுங்க, அடுத்து பத்து வீடியோ வருது" என்பவரிடம், பத்தாவது வீடியோவில் தள்ளுபடி தருவதாகச் சொல்லுங்கள்.

கொட்டேஷனில் பணம் கசிகிற ஓட்டை கரெக்ஷன்தான். ஸ்டோரிபோர்டில் "ஆணுக்குப் பதில் பெண்ணாக இருக்கட்டும்" என்றால் அரை மணி நேரம். ரிக் முடிந்த பிறகு அதே வாக்கியம் நான்கு நாள். பூச்சு முடிந்த வீட்டில் சுவரைத் தள்ளிக் கட்டச் சொல்வதற்கு என்ன கூலியோ அதுதான் இதற்கும். கிளையன்ட் இதை வேண்டுமென்று செய்வதில்லை, அவருக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வேலையை ஸ்கிரிப்ட், ஸ்டோரிபோர்டு, அனிமேட்டிக், டிசைன், அனிமேஷன் என்று படியாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் "ஓகே" என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும், மெயில் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு படிக்கும் இரண்டு சுற்று கரெக்ஷன் விலைக்குள் அடக்கம் என்று போடுங்கள். சுற்று என்றால் என்ன என்பதையும் எழுத வேண்டும்: அவர்கள் பக்கம் எல்லாரும் பார்த்து, ஒரே பட்டியலாக அனுப்புவது ஒரு சுற்று. இல்லாவிட்டால் காலையில் மார்க்கெட்டிங் மேனேஜர், மதியம் அவருடைய பாஸ், ராத்திரி பாஸின் மைத்துனர் என்று மூன்று பட்டியல் வரும், ஒன்றுக்கொன்று முரணாக. ஓகே ஆன படிக்குத் திரும்பிப் போனால் அது கரெக்ஷன் இல்லை, புது வேலை, நாள் ரேட்டில் கணக்கு. முதல் நாளே எழுதிவிட்டால் சண்டை வராது, நடுவில் எழுதினால் கண்டிப்பாக வரும்.

குரலைப் பற்றித் தனியாக ஒரு வரி போடுங்கள்: வாய்ஸ் ஓவர் இறுதியான பிறகுதான் அனிமேஷன் தொடங்கும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வேண்டும் என்பார்கள், "குரலை மட்டும் மாத்திக்கலாம்ல?" என்பார்கள். ஆங்கிலத்தில் 60 வினாடிக்குள் அடங்குகிற ஸ்கிரிப்ட் தமிழில் பெரும்பாலும் நீண்டுவிடும். அப்போது ஷாட்டெல்லாம் இழுபட வேண்டும், அல்லது பேசுபவர் மூச்சு விடாமல் ஓட வேண்டும். திரையில் வரும் எழுத்தும் அப்படியே. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சாஃப்ட்வேரில் டெக்ஸ்ட் அமைப்பு தமிழ் மாதிரியான மொழிகளுக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் "கொ", "மெ" எல்லாம் கொம்பு இடம் மாறிச் சிதறும். அதைச் சரிசெய்தாலும், எழுத்து எழுத்தாக வந்து விழும் அனிமேஷன் ஆங்கிலத்துக்குப் போட்டது தமிழுக்குப் பொருந்தாமல் போகலாம். இரண்டாவது மொழிக்கு இவ்வளவு நாள் என்று தனியாகப் போடுங்கள்.

பணம் வாங்குவதைப் பொறுத்தவரை 40 சதவீதம் அட்வான்ஸ், அனிமேட்டிக் ஓகே ஆனதும் 30, கடைசி ஃபைல் போகும் முன் 30 என்பது எனக்கு ஒத்துவருகிற பிரிப்பு. அதுவரை வாட்டர்மார்க் போட்ட குறைந்த ரெசல்யூஷன் மட்டும் போகட்டும். கார்ப்பரேட் கம்பெனிகள் கடைசித் தவணைக்கு 45 நாள், 60 நாள் என்பார்கள். இங்கே உங்களுக்கு ஒரு சட்டம் துணைக்கு இருக்கிறது, நிறைய அனிமேட்டர்களுக்கு இது தெரியாது. மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் ஆதாரும் பானும் வைத்துக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. பதிவு செய்தவருக்குப் பணம் தர, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வாங்குபவர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதோடு, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி ஒன்றின்படி, இந்தக் கெடுவைத் தாண்டி நிற்கும் பாக்கியை, அதைக் கொடுக்கும் வரை வாங்குபவர் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. நடைமுறையில் வட்டியைவிட இதற்குத்தான் அக்கவுன்ட்ஸ் ஆட்கள் பயப்படுகிறார்கள். இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சடித்து வையுங்கள். வேலை தொடங்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும், பாக்கி விழுந்த பிறகு ஓடிப் போய்ப் பதிவு செய்வது உதவாது.

வரியில் உறுதியானதை மட்டும் சொல்கிறேன். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் இன்வாய்ஸில் ஜிஎஸ்டி போட்டு வசூலிக்கவும் கூடாது. கம்பெனிகள் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே வரிக்காக ஒரு பங்கு, பிடிப்பார்கள். தொழில்முறைச் சேவை என்று எடுத்துக்கொண்டால் 10 சதவீதம், ஒப்பந்த வேலை என்று எடுத்துக்கொண்டால் தனிநபருக்கு 1 சதவீதம். அனிமேஷன் இதில் எது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி பழக்கம் மாறுகிறது. எதுவானாலும் அது உங்கள் பான் கணக்கில் வரவு ஆகும், ரிட்டர்ன் போடும்போது கட்ட வேண்டிய வரியில் கழியும், மிச்சம் இருந்தால் திரும்ப வாங்கலாம், அதனால் அதற்காக ரேட்டை ஏற்ற வேண்டாம். வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டுப் போகும் எளிய முறை அனிமேட்டருக்குப் பொருந்துமா என்பது சட்டத்தில் எழுதியிருக்கும் தொழில் பட்டியலை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதை ஒரு ஆடிட்டரே சொல்லட்டும்.

உரிமை விஷயத்தில் குழுக்களில் ஒரு தவறான நம்பிக்கை சுற்றுகிறது: "நான் வரைஞ்சேன், எழுதிக் கொடுக்கும் வரை காப்பிரைட் என்னுது." 1957 காப்பிரைட் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கப்படும் படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். ஆகவே முடிந்த வீடியோ கிளையன்டுடையது என்று வைத்துக்கொண்டே விலை போடுங்கள். நீங்கள் பேச வேண்டியது சோர்ஸ் ஃபைல் (திறந்து திருத்தக்கூடிய மூல ஃபைல்), ரிக், கேரக்டர் டிசைன் ஆகியவற்றைப் பற்றி. அவை விலையில் சேருமா, அதே கேரக்டரை வைத்து வேறொருவர் அடுத்த வீடியோ செய்யலாமா, உங்கள் வேலைகளின் மாதிரித் தொகுப்பான ஷோரீலில் போட்டுக்கொள்ளலாமா என்பது எழுதாமல் விட்டால் பின்னால் இழுபறிதான். சோர்ஸ் ஃபைலுக்குத் தனித் தொகை போடுங்கள், ஷோரீல் அனுமதியைக் கொட்டேஷனிலேயே ஒரு வரியாகச் சேருங்கள்.

சரி, இனி நண்பர்கள் விஷயம். அனிமேஷனில் அடுத்தவர் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வது தொழிலோடு பிறந்த பழக்கம். 1930களிலேயே டிஸ்னி ஸ்டுடியோவில் பென்சில் டெஸ்ட்டை, அதாவது பென்சில் கோட்டில் மட்டும் வரைந்த அசைவை, ஒரு சின்னப் புழுக்கமான அறையில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த அறைக்கு ஸ்வெட்பாக்ஸ் என்றே பெயர் விழுந்துவிட்டது. கவனிக்க வேண்டியது, அங்கே பார்த்தது பென்சில் டெஸ்ட். இங்கும், வண்ணமும் சுத்தமான கோடும் சேரும் முன், மாற்ற முடிகிற கட்டத்தில் பார்க்க வேண்டும். உங்கள் குழுவில் முகம் வாடுவதற்குப் பாதிக் காரணம் நண்பர்கள் முடிந்த ஷாட்டைப் போடுவது. ரெண்டர் ஆகி, கிளையன்டுக்குப் போய், பணமும் வந்த ஷாட்டில் "டைமிங் கொஞ்சம் வேகம்" என்று சொல்லி யாருக்கு என்ன லாபம்? அதற்கு வாழ்த்து மட்டும் போதும், பொய்யும் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டியது ப்ளாக்கிங்கில், முக்கியமான போஸ்களை மட்டும் வைத்துப் பார்க்கும் கட்டத்தில். அதனால் பதில் எழுதும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்த ஸ்டேஜ், எதைப் பார்க்கணும்?" இந்தக் கேள்வி குழுவில் பழக்கமானால், ஆட்கள் தாங்களாகவே "ப்ளாக்கிங், போஸ் மட்டும் பாருங்க" என்று எழுதிப் போட ஆரம்பிப்பார்கள்.

பிறகு, என்ன சொல்கிறீர்கள் என்பது. ஒரு உதாரணம். பாட்டி ஒருத்தி தரையிலிருந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிற ஷாட், மூன்று வினாடி, 72 ஃப்ரேம். பார்த்தவுடனே "வெயிட்டே இல்ல" என்று எழுதத் தோன்றும். அது உண்மைதான், ஆனால் வரைந்தவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஃப்ரேம் ஃப்ரேமாகத் தள்ளிப் பாருங்கள். 22ஆவது ஃப்ரேமில் இடுப்பும் குடமும் ஒன்றாக மேலே கிளம்புகின்றன. அங்கேதான் குடம் காலியாகிவிட்டது. உடம்பு முதலில் கிளம்பி, கை இழுபட்டு நேராகி, தோள் கீழே இறங்கி, நாலைந்து ஃப்ரேம் குடம் தரையிலேயே நின்று, அப்புறம் எழுந்தால்தான் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று கண் நம்பும். இடுப்பில் வந்து உட்காரும்போது உடம்பு எதிர்ப்பக்கம் சாய வேண்டும், காலியாக இருக்கும் கை வெளியே போக வேண்டும். இதில் நீங்கள் எழுத வேண்டியது ஒரே வரி: "22இல் உடம்பும் குடமும் சேர்ந்து கிளம்புது, குடத்தை 26 வரை தரையில பிடிச்சு வச்சுப் பாரு." முடிந்தால் அந்த ஒரு ஃப்ரேமின் மேல் சிவப்பில் ஒரு கோடு இழுத்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள். புடவை மடிப்பு சரியில்லை, பேக்ரவுண்டில் நிழல் தப்பு என்பதையெல்லாம் அன்றைக்குச் சொல்லாதீர்கள். ஒரு ஷாட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பெரியதைச் சரிசெய்யும்போது சின்னது பாதி தானாகக் காணாமல் போகும்.

"நானா இருந்தா இப்படிப் பண்ணியிருப்பேன்" என்று தோன்றுவதையும் பிழையையும் பிரித்துப் பாருங்கள். குடம் கனமாகத் தெரியவில்லை என்பது பிழை. பாட்டி கொஞ்சம் கேலியாகச் சிரித்திருக்கலாம் என்பது உங்கள் ரசனை. ரசனையைச் சொல்லக் கூடாது என்றில்லை, "இது என் ருசி, விட்டுடலாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். கிளையன்ட் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட வண்ணம், முகஜாடை பற்றி வாயைத் திறக்க வேண்டாம், அதை மாற்றும் அதிகாரம் உங்கள் நண்பருக்கே கிடையாது. பலர் பார்க்கும் குழுவில் சொல்வதா, தனியாகச் சொல்வதா என்பதில் ஒரே விதி இல்லை. புதிதாக வந்தவருக்கு நான் தனியாகவே சொல்வேன். பழகியவர்கள் குழுவிலேயே கேட்க விரும்புவார்கள், மற்றவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

தொழில்நுட்ப விஷயம் ஒன்று. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி அனுப்பும், அதைப் பார்த்து இரண்டு ஃப்ரேம் வித்தியாசத்தைத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், மூலையில் ஃப்ரேம் எண் ஓடட்டும். அப்படி எண் இருந்தால்தான் மேலே சொன்ன "22", "26" எல்லாம் பேச முடியும். அப்புறம், வெளியாகாத கிளையன்ட் வேலையைக் குழுவில் போடும் நண்பரிடம் முதலில் "ரகசிய ஒப்பந்தம் ஏதாவது கையெழுத்துப் போட்டிருக்கியா?" என்று கேளுங்கள். அனிமேஷனைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

நண்பர்களிடம் ரேட்டைச் சொல்லலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள், ஆனால் தொகையை மட்டும் சொல்லாதீர்கள். "62,000" என்று கேட்டால் ஒருவர் பொறாமைப்படுவார், இன்னொருவர் 50,000க்குப் போவார். "18 நாள், ரிக் இரண்டு, கரெக்ஷன் இரண்டு சுற்று, சோர்ஸ் ஃபைல் தனி" என்று சேர்த்துச் சொன்னால், தான் அதே வேலைக்கு எத்தனை நாள் எடுப்போம் என்று எண்ணிப் பார்ப்பார்கள். அந்த 15,000 கிளையன்டுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை என்றால், கொட்டேஷனை இங்கேயே போடுங்கள், பெயரை மட்டும் அழித்துவிட்டு. நாள் கணக்கில் எங்கே குறைத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஸ்டோரிபோர்டில்தான் குறைப்பார்கள்.